சும்மா இருக்கிற வைத்தியம்

பிளம்பருக்கு இந்த உலகத்தில் சந்தேகமே இல்லாமல் தெரிந்த விஷயம் ஒன்றுதான். ஒழுகுகிற எதுவும் தானாக நிற்காது. "தானா நின்னுடும்னு பாத்தோம்" என்று இழுக்கிற வீட்டுக்காரர்களை அவர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். இப்படிப்பட்ட மனிதரை உட்கார வைத்து, உங்கள் ஒன்பது வயது மகளுக்கு மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, நாங்கள் ஆபரேஷன் செய்யப் போவதில்லை என்று சொன்னால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

மனிதர் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"அப்போ சும்மா இருக்கப் போறீங்களா?"

"உக்காருங்க," என்றார் டாக்டர். குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிற அம்மாள். ஆள் குள்ளம், பேச்சு நிதானம், பஸ் போனால் அடுத்த பஸ் வரும் என்கிற மாதிரி நிதானம். "சும்மா இருக்கப் போறதில்ல. படுக்க வெச்சுப் பாக்கப் போறோம். நாடி, பிரஷர், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. குழந்தைகளுக்குப் பத்துல ஒம்பது பேருக்கு அதுவே நின்னுடும்."

"மேடம், நான் இருபத்திரண்டு வருஷமா இதே தொழில்ல இருக்கேன். சொல்றேன், நிக்காது."

"எந்தத் தொழில்ல?"

"பிளம்பிங்."

டாக்டர் சிரிக்கவில்லை. அது அந்த அம்மாளின் பெருந்தன்மை.

"சரி. உங்க குழாய்ல ஓட்டை விழுந்தா குழாய் என்ன பண்ணும்?"

"ஒழுகும்."

"வேற?"

"வேற என்னத்தப் பண்ணும், ஒழுகும்."

"உங்க பொண்ணு ரத்தம் உறையும். உறைஞ்சு ஓட்டையை அதுவே அடைக்கும். உங்க குழாய்க்கு அந்த வித்தை தெரியாது. நான் வயித்தைத் திறந்தா பல சமயம் மண்ணீரலையே எடுக்க வேண்டியதாயிடும். அது இல்லாமலும் பொழைக்கலாம். ஆனா கிருமியை எதிர்க்கிற சக்தி கொறைஞ்சிடும். காலம் பூரா தடுப்பூசி, மருந்து, சாதாரண ஜுரம்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்போமே."

பக்கத்து நாற்காலியில் பிளம்பரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஒரு நாளைக்கு ஆயிரம் காகிதம் கை வழியாகப் போகும், கண்ணில் பட்ட எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிடுகிற பழக்கம். அப்போதும் மேஜைமேல் கிடந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். அன்று விடுமுறை. மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருச் சரிவில் இறங்கியிருக்கிறாள். இறங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, பறந்திருக்கிறாள். அவளுக்குத் தெருவில் பம்பரம் என்றுதான் பெயர். முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டி, ஹேண்டில் பார் திரும்பி, அதன் நுனி இடது விலாவுக்குக் கீழே குத்தியது. எழுந்தாள், சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், "அப்பா, தோள்பட்டை வலிக்குது" என்றாள். அப்பாவும் தோளில் தைலம் தேய்த்தார். சும்மா இல்லை, அரை டப்பா தேய்த்தார். உள்ளே கசிகிற ரத்தம் உதரவிதானத்தில் பட்டால் வலி இடது தோளில் தெரியும் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? கடையிலிருந்து வந்த மனைவிதான் மகளின் உதட்டைப் பார்த்தாள். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டாக்டர் மகளின் சட்டையை விலக்கிக் காட்டியபோது விலாவுக்குக் கீழே ஒரு வளையம் சிவந்திருந்தது. பாட்டில் மூடியை வைத்து அழுத்தியதுபோல அத்தனை சுத்தமான வட்டம். பிளம்பருக்குக் கண்ணே அளவுகோல். முக்கால் இஞ்ச் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த கணம் மகளின் சட்டையை அவரே இழுத்து மூடிவிட்டார்.

ஏனென்றால் அது சைக்கிளோடு வந்த ஹேண்டில் பார் இல்லை. பழையது வளைந்துபோய், "கடையில குடுத்துப் புதுசு மாத்துங்க" என்று மனைவி ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பைப் வளைக்கத் தெரியாதா எனக்கு என்று ரோஷம் வந்து, பட்டறையில் கிடந்த முக்கால் இஞ்ச் இரும்புக் குழாயை அவரே வளைத்து மாட்டினார். பெயின்ட்கூட அடித்தார். வலது நுனிக்கு மூடி போட்டார். இடது நுனிக்கு மூடி அப்போது கைக்கு எட்டவில்லை, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார். மனைவியிடம் "கடையிலயே மாத்தியாச்சு" என்று சொல்லிவிட்டார். நாளைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. பட்டறை அலமாரியில் முக்கால் இஞ்ச் மூடி மட்டும் இரண்டு டப்பா நிறைய இருக்கிறது.

"ஹேண்டில் பார் நுனிதான்," என்றார் டாக்டர். "ரப்பர் இல்லையோ?"

"இருந்திருக்கும்... கழண்டு விழுந்திருக்கும்," என்றார் பிளம்பர்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒரு ஈரத் திட்டு இருந்தது, மேல் மாடியில் எங்கேயோ ஒழுகல்.

இப்போது புரிகிறதா, அவர் ஏன் ஆபரேஷன் ஆபரேஷன் என்று குதித்தார் என்று? தான் செய்த தப்பை யாராவது உடனே திறந்து, தைத்து, மூடிவிட வேண்டும். காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த மூடி இல்லாத நுனி அவருக்கு முன்னால் வந்து வந்து நின்றது.

வார்டில் பம்பரத்தைப் படுக்க வைப்பதுதான் பெரிய பாடு என்று எல்லோரும் பயந்தார்கள். டாக்டர் நேரே அவளிடம் பேசினார்.

"நீ அசையாம படுத்திருந்தா நான் கத்தியை எடுக்க மாட்டேன். சம்மதமா?"

"எவ்ளோ அசையாம?"

"பாத்ரூமுக்குக்கூடக் கட்டிலை விட்டு எறங்கக் கூடாது."

"மூக்கு அரிச்சா?"

"சொறிஞ்சுக்கலாம்."

"சிரிக்கலாமா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "மெதுவா."

அவ்வளவுதான், சட்டம் கைக்கு வந்துவிட்டது. பெற்றவர்கள் ஒன்பது வருஷமாகச் சொல்லிக் கேட்காத பெண், ஒரே வார்த்தையில் கட்டிலோடு கட்டிலாக ஆகிவிட்டாள். தான் அசையாதது போதாதென்று மற்றவர்களையும் அசைய விடவில்லை. கட்டில் கம்பியில் யாரும் சாயக் கூடாது. ஊசி போட வந்த சிஸ்டரிடம், "குலுக்காம போடுங்க, உள்ள ஒட்டிக்கிட்டிருக்கு" என்றாள். அப்பா தும்மியதற்கு அவரை வராந்தாவுக்கு அனுப்பினாள்.

வராந்தாவில் மனிதர் என்ன செய்வார்? கை சும்மா இருந்தால் அவருக்கு மனசு சும்மா இருக்காது. வார்டு பாத்ரூமில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பையில் எப்போதும் ஸ்பேனர் இருக்கும். பத்து நிமிஷத்தில் நின்றது. அப்புறம் கை கழுவுகிற தொட்டி, அப்புறம் ஃபிளஷ். சாயங்காலத்துக்குள் அந்த மாடியில் ஒரு சொட்டு வீணாகவில்லை. சேதி பரவி, மேல் மாடி சிஸ்டர் ஒருத்தி இறங்கி வந்து, "அண்ணே, எங்க பக்கமும் ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு போனாள். ஒவ்வொரு குழாயை முடித்ததும் டாக்டர் அறைப் பக்கம் போய், "பாருங்க மேடம், கை வெச்சாத்தான் நிக்குது" என்று சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் ஒவ்வொரு முறையும் "தேங்க்ஸ்" என்றார்.

ரத்த அளவு முதலில் பத்தே முக்கால் இருந்தது. பிறகு ஒன்பதரை. மறுநாள் காலையில் ஒன்பது.

"எறங்குது மேடம். டேங்க்ல அளவு எறங்குதுன்னா லீக்னுதானே அர்த்தம்?"

"குளுகோஸ் ஏத்தறோம்ல, அதுல கொஞ்சம் நீர்த்துக் காட்டும். நாடி நல்லா இருக்கு, வயிறு மெத்துனு இருக்கு. பாப்போம்."

பாப்போம், பாப்போம்! அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றுத் துணி எடுக்க மனைவி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மச்சினனுக்கு போன் போட்டார். மச்சினன் வேன் ஓட்டுகிறவன். அவனுக்கு எந்தப் பிரச்சினைக்கும் வேன்தான் தீர்வு.

"நீங்க கவலைய விடுங்க மாமா. வேற ஆஸ்பத்திரி இருக்கு. போன உடனே கத்தியைத் தூக்கிடுவாங்களாம். பத்தே நிமிஷம், பறந்துடலாம்."

வேன் வந்து வாசலில் நின்றது. இருவரும் திருடர்கள் மாதிரி வார்டுக்குள் நுழைந்தார்கள். மச்சினன் கைநிறைய தலையணை வைத்திருந்தான்.

"செல்லம், மாமாகூட வேன்ல ஒரு ரவுண்டு போலாமா?" என்று குழைந்தான்.

வேன் என்றால் டியூஷனைக்கூட விட்டுவிட்டு ஓடுகிற பெண் அவள். மல்லாந்தபடியே கண்ணை மட்டும் திருப்பினாள்.

"டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நீ எங்க அசையப் போற? நாங்கதானே தூக்கப் போறோம்," என்றார் அப்பா.

"என்னைத் தூக்கினா என் மண்ணீரல் மட்டும் இங்கேயே இருக்குமா?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் தலைமாட்டில் இருந்த பொத்தானையும் அழுத்தினாள். சிஸ்டர் வந்தாள். சிஸ்டர் பின்னால் டாக்டர் வந்தார். மச்சினன் தலையணைகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான், என்னமோ தலையணை டெலிவரி செய்ய வந்தவன் போல.

டாக்டர் கத்தவில்லை. பிளம்பரை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, வாசலில் நின்ற வேனைக் காட்டினார்.

"இங்கேர்ந்து ரோட்டுக்குப் போறதுக்குள்ள எத்தனை வேகத்தடை இருக்கு?"

"மூணு."

"உள்ள ஒட்டியிருக்கிறது பிச்சுக்க ஒண்ணு போதும்."

பிளம்பர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். மச்சினனைப் போகச் சொன்னார். அவன் தலையணைகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் மனைவி துணியோடு திரும்பி வந்தாள், தலையணைக் குவியலைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்ததை அவர் கவனித்தார். மகளை நினைத்துத்தான் என்று எண்ணிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை ரத்த அளவு எட்டு புள்ளி இரண்டு என்று வந்தது. நாடியும் கொஞ்சம் வேகம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், மறுபடி ஸ்கேன் வைத்துப் பார்த்தார், பிறகு இருவரையும் வெளியே கூப்பிட்டார். கையில் ஒரு படிவம்.

"நாலு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் பாக்கறேன். எறங்காம நின்னா நல்லது. இன்னும் எறங்கினா நான் திறந்துதான் ஆகணும். அப்போ நேரம் வீணாகக் கூடாது, இப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

மனைவி படிவத்தை வாங்கினாள். முதல் வரியிலிருந்து படித்தாள், வாய்விட்டுப் படித்தாள். "தேவை ஏற்பட்டால் மண்ணீரல் முழுவதையும் அகற்ற..." என்ற இடத்தில் நின்றாள். மேற்கொண்டு படிக்காமல் காகிதத்தைக் கணவனிடம் நீட்டினாள்.

இதைத்தானே மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்? பேனாவைப் பிடித்தார். பைப்பை முறுக்குகிற கை, இரும்பையே வளைக்கிற கை, பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் நின்றுவிட்டது.

"மேடம்... இன்னும் கொஞ்சம் பாக்கலாமா?"

டாக்டருக்கு அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "என்னங்க இது, நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்றீங்க."

"இல்ல... சின்ன வயிறு மேடம். அதுல கத்தி..."

"கையெழுத்துப் போட்டா உடனே வெட்டிடுவேன்னு அர்த்தமில்ல. காகிதம் என் பாக்கெட்ல இருக்கும், அவ்வளவுதான். எனக்கு வெட்டறது சுலபம், அதைத்தான் படிச்சேன். கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுதான் கஷ்டம். இந்த நாலு மணி நேரம் நீங்களும் என்கூட நில்லுங்க."

கையெழுத்துப் போட்டார். எழுத்து யாருடையதோ மாதிரி இருந்தது.

பிறகு போய் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பியில் சாயவில்லை. பம்பரம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னைக்குக் குழாய் ரிப்பேர் இல்லையாப்பா?"

"இல்லடா. இன்னைக்கு லீவு."

மணி ஒன்பதிலிருந்து பத்தானது. பத்திலிருந்து பதினொன்று ஆக ஒரு யுகம் எடுத்தது. மேல் மாடி சிஸ்டர் வந்து கதவருகே நின்று, "அண்ணே, மறுபடி ஒரு குழாய்..." என்று ஆரம்பித்தாள். அவர் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் ஆட்டினார். வார்டின் கோடியில் அவரே சரிசெய்த குழாய் திரும்பவும் சொட்ட ஆரம்பித்திருந்தது. சொட், சொட் என்று ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, சொட்டுகிற குழாயைக் கேட்டுக்கொண்டே அந்த மனிதர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். மகளின் மார்பு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தார். அவள் தூங்கினால் பயமாக இருந்தது. விழித்தாலும் பயமாக இருந்தது. கடவுளே, என்னை என்ன வேணா பண்ணிக்கோ, இவளை விட்டுடு என்று உள்ளுக்குள் அழுதார்.

ஒரு மணிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றே முக்காலுக்கு டாக்டர் வந்தார். அவர் நடந்து வந்த வேகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை, எப்போதும் அதே நடைதான்.

"எட்டு புள்ளி மூணு."

"ஏறியிருக்கா?" என்றாள் மனைவி.

"நின்னிருக்கு. நாடியும் எறங்கிடுச்சு, புது ரத்தம் எதுவும் ஸ்கேன்ல இல்ல." பாக்கெட்டிலிருந்து படிவத்தை எடுத்து மனைவியிடமே கொடுத்தார். "வெச்சுக்கோங்க, இதுக்கு வேலை இருக்காதுன்னு நினைக்கறேன். இன்னும் மூணு நாள் இங்க இருக்கட்டும். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஓட்டம், குதி, சைக்கிள் எதுவும் கூடாது."

"ரெண்டு மாசமா!" என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் உங்ககிட்ட அப்படிச் சம்மதிக்கவே இல்லையே!"

பிளம்பர் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி பின்னாலேயே வந்தாள். இனிமேல் தாங்காது என்று அவருக்குத் தோன்றியது.

"நான் ஒண்ணு சொல்லணும். அந்த ஹேண்டில் பார்... கடையில மாத்தல. நான்தான் பைப்பை வளைச்சு மாட்டினேன். நுனிக்கு மூடி போடல. ரப்பர் கழண்டு விழல, ஆரம்பத்துலேர்ந்தே இல்ல. உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். எம் பொண்ணு வயித்தைக் கிழிச்சது நான்தான்."

சொல்லி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தெரியும்," என்றாள் மனைவி.

"என்னது?"

"நேத்து துணி எடுக்க வீட்டுக்குப் போனேன்ல. சைக்கிள் வாசல்லதான் கிடந்தது. எனக்குக் கண்ணு இல்லையா?"

"தெரிஞ்சுமா ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க அங்கேயே இடிஞ்சு விழுந்திருப்பீங்க. உள்ள ஒருத்தி படுத்திருக்கா, வெளிய இன்னொருத்தரை யார் பாக்கறது? அவ பொழைச்சு எந்திரிக்கட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்னு இருந்தேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இப்ப அவ தேறிட்டா."

அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள். ஒரு நாள் பூரா அடக்கி வைத்தது அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. "ஊர்ல இருக்கிற எல்லார் வீட்டுக் குழாய்க்கும் மூடி போடுவீங்க, பெத்த பொண்ணு சைக்கிளுக்குப் போட நாளைக்கா? டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிருக்கீங்களே, எதுக்கு, கண்காட்சிக்கா? கடையில குடுன்னு எத்தனை தடவை சொன்னேன்? குடுத்தாச்சாம், மாத்தியாச்சாம்! வாய் கூசல? அதுல பெயின்ட் வேற! அதோட விட்டீங்களா, பொண்ணு எல்லாத்தையும் சொல்லிட்டா, எந்தம்பி தலையணையைத் தூக்கிட்டு வர்றான், நீங்க வேனைக் கூப்பிடறீங்க..." வராந்தாவில் போகிறவர்கள் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். பிளம்பர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, கண்ணீர் வழிய நின்றார். மூன்று நாளில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சரியாக வந்தது. அவள் நிறுத்திவிடக் கூடாதே என்றிருந்தது.

அப்போது வார்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.

"அம்மா! அங்க நின்னு திட்டாதம்மா, எனக்குப் பாதிதான் கேக்குது! நான் எந்திரிக்கக் கூடாதுல்ல, இங்க வந்து திட்டு!"

சிஸ்டர் கதவு வழியே தலையை நீட்டினாள். "சீக்கிரம் உள்ள போங்க ரெண்டு பேரும். கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பாக்கறா."

இருவரும் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.